ஒழுகாத சுவர்

"அம்மா, எனக்குள்ளே இருக்கிற பயத்தை எடுத்துவிடுங்க," என்றார் தனக்கோடி.

குருவம்மா வாசலில் குனிந்திருந்தார். மழையை அளப்பதற்காக அங்கே ஒரு பால்பவுடர் டின் வைத்திருந்தார். அதற்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, நனைந்த அளவை விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நேற்றைவிட இரண்டு விரல் அதிகம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்தார்.

"உள்ளே வாங்க, கண்டக்டரே. ஏன் நனையறீங்க?"

தனக்கோடிக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். குருவம்மாவுக்கு நாற்பத்து நான்கு. ஆனாலும் தனக்கோடிதான் சீடர், குருவம்மாதான் குரு.

மூங்கில்கொம்பை என்ற அந்த மலைக் கிராமம் முழுவதும் சரிவு. அங்கே வீடு கட்ட நினைக்கிறவர்கள் குருவம்மாவிடம் வந்து கற்றுக்கொள்வார்கள். பஞ்சாயத்து ஆபீசில் கொடுக்கும் விதிகள் தனி. அவற்றுக்கு மேல் குருவம்மாவிடம் ஒன்பது விதிகள் இருந்தன.

தனக்கோடி மூன்று வருடம் கற்றார். முதல் மழைக்காலம் முழுவதும் குருவம்மா அவரை ஒரு கல்லைக்கூடத் தொட விடவில்லை. மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அஸ்திவாரம்.

வீடு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"எப்போதிலிருந்து பயம்?"

"இரண்டு வாரமா. மழை பிடித்தால் சோறு இறங்க மாட்டேங்குது. எடுத்த உருண்டை கையிலேயே இருக்குது."

"வீட்டில் சொன்னீங்களா?"

"சொன்னேன். முப்பது வருஷம் பள்ளத்தாக்கு ஓரமா படியில் தொங்கிக்கொண்டு போனீங்க, இப்போ தரையில் உட்கார்ந்தால் பயமான்னு சிரிக்கிறாள் அன்னக்கிளி."

அன்னக்கிளி அவருடைய மனைவி.

குருவம்மாவும் சிரித்தார்.

"விதிப்படிதானே கட்டினீங்க?"

"ஒன்பதில் ஒன்றைக்கூட மீறவில்லை, அம்மா."

"எங்கே, சொல்லுங்க."

தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கை தானாக மேலே போயிற்று. நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதுபோல விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒன்று. ஆள் உயரத்துக்கு மேல் சரிவை ஒரே வெட்டாக வெட்டக் கூடாது."

"அது சின்னக்கண்ணு," என்றார் குருவம்மா.

தனக்கோடிக்குப் புரியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இரண்டு. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எதையும் மண்ணில் விடக் கூடாது. குழாய் போட்டு ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும்."

"அது ஜெயராணி. அவளோடு அவள் மாமியாரும்."

"மூன்று. வெட்டி எடுத்த மண்ணைச் சரிவின் விளிம்பில் குவிக்கக் கூடாது."

"அந்தோணிச்சாமி."

தனக்கோடி கண்ணைத் திறந்தார்.

"யாரும்மா இவங்க எல்லாம்?"

"மேலே சொல்லுங்க."

"நான்கு. ஓடை காய்ந்து கிடந்தாலும் அதன் வழியில் வீடு கட்டக் கூடாது."

இந்த முறை குருவம்மா விரல்களை மடக்கினார். ஒரு கை போதவில்லை. இரண்டாவது கையையும் மடக்கினார்.

"அதில் பதினொரு பேர். ஒவ்வொருத்தராகச் சொல்லவா?"

"வேண்டாம்மா."

மேலே பிடித்திருந்த கையைத் தனக்கோடி கீழே இறக்கிவிட்டார். அவர் குரலும் இறங்கியது.

"ஐந்து. தடுப்புச்சுவரில் முழத்துக்கு ஒரு ஓட்டை விட வேண்டும். சுவருக்குப் பின்னால் மண்ணில் தேங்குகிற தண்ணீர் அது வழியாக வெளியே வர வேண்டும்."

"அது என் வீட்டுக்காரர்."

குருவம்மா மடக்கிய விரல்களை விரித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் கட்டினார்," என்றார் குருவம்மா. "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கத்தி நுழையாது. தண்ணீரும் நுழையவில்லை. மூன்றாம் நாள் மழையில் சுவரே அவர் மேல் வந்துவிட்டது."

"அம்மா, இத்தனை நாள் நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்கவே இல்லையே."

தனக்கோடி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆறாவது சொல்லவா?"

"வேண்டாம். ஐந்திலேயே நில்லுங்க. இன்றைக்கும் மூன்றாம் நாள் மழைதான். உங்க சுவரில் எத்தனை ஓட்டை ஒழுகுது?"

தனக்கோடி வாசலில் இருந்த டின்னைப் பார்த்தார்.

"மொத்தம் இருபத்திரண்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் நானே விரலை விட்டுப் பார்த்தேன். எத்தனை ஒழுகுது?"

"ஒன்றும் ஒழுகவில்லை, அம்மா."

குருவம்மாவின் கையில் இருந்த குச்சி கீழே விழுந்தது.

"அடைச்சீங்களா?"

"வியாழக்கிழமை பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வர்றாங்க. அதுக்காக வெள்ளை அடித்தோம். அடித்த மறுநாளே ஓட்டைகளில் இருந்து செம்மண் தண்ணீர் வழிந்து சுவர் முழுக்கக் கோடு கோடாக ஆகிவிட்டது. சுவருக்கு மூக்கு ஒழுகுது, துடைச்சு விடுங்கன்னு அன்னக்கிளி சொன்னாள். எனக்கும் அசிங்கமாத்தான் இருந்தது. சிமெண்ட் குழைத்து எல்லா ஓட்டையிலும் வைத்துப் பூசி, மேலே இன்னொரு தடவை வெள்ளை அடித்துவிட்டேன்."

"எப்போது?"

"இரண்டு வாரம் ஆச்சு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில் நானே உளியை எடுத்து எல்லாவற்றையும் திறந்துவிடுவேன், அம்மா. இன்னும் மூன்றே நாள்."

"மழைக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?"

"ஓட்டை விட வேண்டும் என்றுதானே விதி? விட்டேனே! விட்ட ஓட்டையை அடைக்கக் கூடாது என்று ஒன்பதில் எங்கேயும் இல்லையே!"

"இல்லை," என்று ஒப்புக்கொண்டார் குருவம்மா.

அவர் அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். தனக்கோடி அதை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு விதி. அதன் கீழே பெயர்கள். சில பக்கங்களில் ஒரே ஒரு பெயர். ஒரு பக்கம் நிறைந்திருந்தது.

குருவம்மா வேகமாகப் புரட்டி வெறும் பக்கத்துக்கு வந்தார். நின்றபடியே பென்சிலால் எழுதினார்.

*பத்து. விட்ட ஓட்டையை அடைக்கக் கூடாது.*

"சுவரை ஒட்டின பின் அறையில் யார் இருக்காங்க?"

"என் மகள் தமயந்தி. பிரசவத்துக்கு வந்தவள்."

"கூட?"

"குழந்தை. பிறந்து இருபத்தெட்டு நாள்."

"பேர் என்ன?"

"இன்னும் வைக்கவில்லை, அம்மா. வியாழக்கிழமைதான்..."

குருவம்மா நோட்டையும் பென்சிலையும் அவர் பக்கம் நீட்டினார்.

"கீழே இடம் விட்டிருக்கிறேன்."

தனக்கோடி பென்சிலை வாங்கவில்லை. செருப்பு போடாமல் மழைக்குள் ஓடினார்.

பாதையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். பின்னால் ஓடிவந்த குருவம்மா கத்தினார்.

"கடப்பாரையைத் தொடாதீங்க! முதலில் ஆளுங்க! சுவர் அப்புறம்!"

வீட்டின் பக்கவாட்டில் வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கறை இல்லை. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தபோது அதன் நடுப்பகுதி ஒரு சாண் முன்னால் தள்ளியிருந்தது. நிறைமாத வயிறு மாதிரி.

சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கடி இடைவெளி. அதுவும் விதிப்படிதான்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடைத்த ஓர் ஓட்டையிலிருந்து சின்னச் சிமெண்ட் வில்லை தெறித்து விழுந்தது. அங்கிருந்து நூல் போல ஒரு பழுப்புத் தண்ணீர் பாய்ந்து, நான்கடி தாண்டி, பின் அறையின் ஜன்னலில் அடித்தது.

ஜன்னலுக்கு உள்ளே சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

தனக்கோடி முன் வாசல் வழியாக உள்ளே பாய்ந்தார்.

"வெளியே வா! எல்லாரும் வெளியே வாங்க!"

சொன்னதாகத்தான் நினைத்தார். வாய் மட்டும்தான் அசைந்தது. குரல் வரவில்லை.

"என்ன கோலம் இது? வீடெல்லாம் சேறு!" என்றாள் அன்னக்கிளி. "அடுப்பில் பால் இருக்குது. தள்ளுங்க அந்தப் பக்கம்."

அவர் வெளியே கை காட்டினார்.

"இந்த மழையிலா? பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டா? ரிட்டயர் ஆனது உங்க வேலையா, உங்க புத்தியா?"

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் அவருடைய பழைய தோல் பை. பையின் வாரில் விசில் கட்டியிருந்தது.

தனக்கோடி அதை எடுத்து ஊதினார். மூச்சு முழுவதையும் விட்டு ஊதினார். ஊதி முடித்ததும் முப்பது வருடக் குரல் திரும்பி வந்தது.

"எல்லாரும் இறங்கு! இறங்கு! இறங்கு!"

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அவர் சொன்னதற்கு அடங்காத அன்னக்கிளி, கரண்டியோடு இறங்கினாள். தமயந்தி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தை வீறிட்டது.

கீழ் வீட்டு சூசை தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்ன கண்டக்டரே, பஸ் வருதா?"

"மலை வருது! வீட்டில் இருக்கிறவங்களைக் கூட்டிக்கொண்டு வா, சூசை!"

சூசை அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. மனைவியோடும் இரண்டு ஆடுகளோடும் வெளியே வந்து சரிவில் இறங்கப் பார்த்தார்.

"கீழே ஓடாதீங்க!" என்று கத்தினார் குருவம்மா. "பக்கவாட்டில் வாங்க! பாறைக்கு வாங்க!"

ரோட்டோரம் ஒரு பெரிய பாறை இருந்தது. எல்லாரும் அதன் மேல் ஏறி நின்றார்கள்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கனமான மூட்டையை யாரோ கீழே வைத்ததுபோல இருந்தது.

வெள்ளைச் சுவர் படுத்தது. அதன் பின்னால் காத்திருந்த மண் எழுந்து வந்தது. பின் அறையின் கூரை ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்தது. உடைந்த ஜன்னல் வழியாகச் சேறு வழிந்தது. சேற்றோடு தொட்டில் சேலையின் ஒரு முனையும் வெளியே வந்தது.

சேறு சூசையின் வாசல்படி வரை போய் நின்றது.



அன்னக்கிளி ஒவ்வொருவர் தலையையும் தொட்டாள். மகளை, குழந்தையை, சூசையை, சூசையின் மனைவியை. கடைசியாகத் தன் கணவரை. பிறகு மறுபடியும் குழந்தையிலிருந்து ஆரம்பித்தாள்.

தனக்கோடி பாறையில் உட்கார்ந்துவிட்டார். விசில் இன்னும் உதட்டில் இருந்தது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது மெதுவாக ஒலித்தது.

குருவம்மா இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்தார். ஓரங்கள் நனைந்திருந்தன. பத்தாவது பக்கத்தைத் திறந்து பார்த்தார். விதிக்குக் கீழே வெறும் கோடுகள். அப்படியே மூடி மறுபடியும் செருகிக்கொண்டார்.

தனக்கோடியின் பக்கத்தில் வந்து அவர் வாயிலிருந்து விசிலை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"கண்டக்டரே, பயம் போய்விட்டதா?"

தனக்கோடி தன் வீட்டைப் பார்த்தார். அதற்கு மேலே நின்ற சரிவைப் பார்த்தார்.

"இல்லை, அம்மா. அதிகமாத்தான் ஆகியிருக்குது."

"நல்லது," என்றார் குருவம்மா. "அப்படியென்றால் நீங்க இன்னொரு வீடு கட்டலாம்."