சுவரைப் பார்த்துப் போட்ட ஸ்டூல்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இந்தக் கதையில் கூட்டம் ஜாஸ்தி. அவங்க போடற சத்தத்தில் நான் சொல்றது கேட்காமல் போயிடும்.

கஜபதி நேராக மைதானத்துக்குப் போய் கோச்சம்மாவிடம் கேட்டார்.

"அந்த மோசஸை டீமை உட்டு எப்பம்மா தூக்கப் போற?"

கோச்சம்மா கோல்போஸ்ட் வலையில் கிழிந்த இடத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதுக்கு நைனா தூக்கணும்?"

"இன்னாம்மா இப்டிக் கேக்கற? ஊரே கேக்குது."

ஊர் கேட்டது உண்மைதான்.

வடசென்னையில், கால்வாய்க்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மண் மைதானம். அங்கே பழகின பசங்கதான் கால்வாய்க்கரை டீம். கோச்சம்மா பேர் ரெஜினா. ஒரு காலத்தில் மாநில டீமில் ஆடியவர். ஆம்பளைப் பசங்களுக்குப் பொம்பளை கோச்சா என்று கேட்டவங்க எல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாங்க.

அந்த வருஷம் நாக்அவுட்டில் யாரும் நினைக்காதது நடந்தது. சம்பளம் வாங்கி ஆடுகிற பெரிய டீம்கள் இரண்டு, இந்தப் பசங்களிடம் தோற்றுப்போயின. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி.

டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது.

"மழைதான் ஜெயிச்சுது. சேத்துல அவனுங்க ஷூ வழுக்கிச்சு," என்றான் சுப்பன்.

"நம்ம பசங்க ஷூவுல மட்டும் ஆணியா அடிச்சிருந்தாங்க? கடைசில கோச்சம்மா ஜெகனை வெளிய எடுத்தாங்க பாரு. அதுதான் மேட்டரு," என்றான் பாஷா.

"எடுத்தப்ப பைத்தியம் பைத்தியம்னு நீதானடா கத்தின."

"அது அப்ப."

கஜபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். பேச்சில் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கும். டிவி கமெண்ட்ரியில் ஒரு சொல்லைப் பிடித்து வைத்திருந்தார்.

"எல்லாம் மொமெண்டம்டா. ஆட்டம் ஒரு பக்கம் சாஞ்சா சாஞ்சதுதான், யாராலயும் நிமித்த முடியாது. இப்ப நம்ம பக்கம் சாஞ்சிகீது. அதைக் கெடுக்க ஒருத்தன் போதும்."

அந்த ஒருத்தன் மோசஸ்.

காலிறுதி டைபிரேக்கர் வரைக்கும் போனது. மோசஸ் அடித்த பெனால்டி கோலைத் தாண்டி, பின்னால் இருந்த ரயில்வே சுவரையும் தாண்டி, தண்டவாளத்தில் போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வந்து பந்து மேல் ஏறியது. கீப்பர் இரண்டு பந்தைப் பிடித்ததால் டீம் தப்பித்தது.

மோசஸ் தப்பிக்கவில்லை. அவன் தெருவில் நடந்தால் கூட்ஸ் வண்டி மாதிரி ஊதினாங்க. டீக்கடையில் ஊதினாங்க. தண்ணி லாரி க்யூவில் நின்றபோதுகூட ஊதினாங்க.

முதலில் ஊதினது யார் என்று கேட்காதீங்க. கஜபதிக்கு நல்ல குரல்.

அதற்கப்புறம் மோசஸ் பிராக்டிஸுக்கு வரவில்லை. ஷூவை அம்மா கையில் கொடுத்து, யாருக்காவது குடுத்துடு என்று சொல்லிவிட்டானாம்.

"தூக்கறேன்," என்றார் கோச்சம்மா.

கஜபதிக்கே நம்ப முடியவில்லை. "நெஜமாவா?"

"நீ சொன்னா தூக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல ஒக்காந்து மேட்சை முடிக்கணும். முடிச்சிட்டு சொல்லு. இனிமே அவன் இந்த மண்ணை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னாலும் சரி, கேக்கறேன்."

"பெஞ்சுலயா? உன் பக்கத்துலயா?"

"என் பக்கத்துல."

கஜபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆனா நைனா, கிரவுண்டுக்கு முதுகைக் காட்டித்தான் ஒக்காரணும். ஒருதபா திரும்பினாலும் பேச்சு முடிஞ்சுது. அப்பால மோசஸைப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது."

"ஆட்டத்தைப் பாக்காம நான் இன்னாத்தைப் பாக்கறது?"

கோச்சம்மா அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்.

இங்கே அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லணும்.

கோலுக்குப் பின்னால் இருக்கிற ரயில்வே சுவர் மேல்தான் நம்ம ஆளுங்க உட்கார்ந்து மேட்ச் பார்ப்பாங்க. ஜெயித்த அன்றைக்கு எங்கே உட்கார்ந்தாங்களோ, அடுத்த மேட்சுக்கும் அதே இடம். சாக்பீஸால் பேர் எழுதி வைத்துக்கொள்வாங்க. இடம் மாறினால் ராசி மாறிவிடும். பாஷாவின் மச்சான் கல்யாணத்தன்றைக்கு மாலையும் கழுத்துமாக வந்து, தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, பாதி ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனான்.

கஜபதி இடம் நட்ட நடுவில். கோலுக்கு நேர் பின்னே.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், கார்னர் கொடிக்குப் பக்கத்தில் கோச்சம்மா தன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். சுவரைப் பார்த்துப் போட்டார்.

கஜபதி உட்கார்ந்தார். சுவர் முழுக்கச் சிரித்தது.

"இன்னா நைனா, வாத்தியார் தண்டனை குடுத்துட்டாரா?"

"யோவ், மேட்ச் அங்க நடக்குதுய்யா!"

சுப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எடத்தை உட்டுட்டுப் போயிட்டியேய்யா! பாரு, காலியா கீது! எதுனா ஆச்சுன்னா நீதான்!"

மோசஸ் ஆட வந்திருந்தான். கோச்சம்மா அவன் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவந்தாராம். ஷூவை அவன் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை.

விசில் ஊதினாங்க.

கஜபதி முகங்களைப் பார்த்தார். வாய்கள் திறந்தன, மூடின. கழுத்துகள் இந்தப் பக்கம் போயின, அந்தப் பக்கம் போயின.

திடீரென்று அத்தனை முகமும் தொங்கிவிட்டது.

"கோல் வாங்கிட்டமா?" என்றார் கஜபதி.

"ஆமா."

"போச்சு. மொமெண்டம் போச்சு."

"எங்க பாத்த?"

"அதோ, அவனுங்க மூஞ்சில."

"பசங்க மூஞ்சில?"

"நீதான் திரும்பக் கூடாதுன்னுட்டியே!"

கோச்சம்மா உள்ளே யாரையோ பார்த்து, "மேல ஏறி ஆடு! மேல!" என்று கத்தினார்.

சுவரிலிருந்து சுப்பன் கத்தினான். "நான் சொல்லல? நான் சொல்லல? எடம் மாத்தினான், கோல் உழுந்துச்சு!"

இடைவேளையில் நாலைந்து பேர் சுவரிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தாங்க. ஆட்டத்தில் பாதி பாக்கி இருந்தது.

மறுபடி விசில். கொஞ்ச நேரம் போனது.

சட்டென்று சுவர் மொத்தமும் எழுந்து நின்றது. பாஷா துண்டைச் சுழற்றினான். சுப்பன் சிரித்துச் சிரித்து அடுத்தவன் மேல் சாய்ந்தான்.

கஜபதி ஸ்டூலிலிருந்து துள்ளினார். "வந்துடுச்சு! மொமெண்டம் வந்துடுச்சு! கோலா?"

"ஆடு."

"எது?"

"ஆடு ஒண்ணு உள்ள பூந்துடுச்சு. ரெஃப்ரி தொரத்தினு ஓடறாரு."

கஜபதி உட்கார்ந்தார்.

நிஜமான கோல் வந்தபோது அவர் துள்ளவில்லை. கோச்சம்மாவே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"ஜெகன் போட்டான். ஒண்ணுக்கு ஒண்ணு," என்றார் கோச்சம்மா.

வெயில் இறங்கிவிட்டது. ஆட்டம் முடிகிற நேரம். சுவரில் எல்லோரும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கத்தினாங்க.

"இப்ப இன்னா? மறுபடி ஆடா?"

"பெனால்டி."

"யாருக்கு?"

"நமக்கு. இந்தப் பக்கத்து கோல்லதான்."

"ஜெகனை அடிக்கச் சொல்லும்மா!"

"ஜெகன் ஷூ லேஸ் கட்டினு இருக்கான்."

"அப்ப அந்தோணி?"

"அவனும் லேஸ்தான் கட்டினு இருக்கான்."

"மத்தவனுங்க?"

"எல்லாருக்கும் இப்பதான் லேஸ் அவுந்துச்சு நைனா. ஒருத்தன் மட்டும் வந்து கேட்டான்."

யார் என்று கஜபதி கேட்க வேண்டியிருக்கவில்லை. முகங்கள் சொல்லிவிட்டன.

கத்திக்கொண்டிருந்த முகமெல்லாம் கதவு சாத்தின மாதிரி ஆனது. ஒருவன் துண்டால் கண்ணை மூடிக்கொண்டான். சுப்பன் தண்டவாளத்துப் பக்கமே திரும்பிவிட்டான்.

கார்னர் கொடிக்குப் பக்கத்தில் தண்ணி பாக்கெட் வைத்திருந்தாங்க. மோசஸ் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து ஒன்றைப் பல்லால் கடித்தான். குடிக்கும்போதுதான் ஸ்டூலைப் பார்த்தான்.

"நைனா, நீ கூட திரும்பி ஒக்காந்துட்டியா?"

மோசஸ் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனான்.

பாஷா இரண்டு கையையும் வாயில் குவித்தான். ஊதினான். கூட்ஸ் வண்டி மாதிரியே ஊதினான். பக்கத்தில் இருந்தவன் ஊதினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் ஊதினான். நம்ம ஆளுங்க, நம்ம சுவர், நம்ம பையன்.

அந்தச் சத்தத்தை கஜபதி இதுவரைக்கும் எதிரில் உட்கார்ந்து கேட்டதில்லை.

நடுவில் ஒரு இடம் மட்டும் ஊதாமல் இருந்தது. கீழே சாக்பீஸில் அவர் பேர். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுகிற இடம்.

"முடியப் போகுது நைனா," என்றார் கோச்சம்மா. "இன்னா சொல்ற? தூக்கிடட்டுமா?"

கஜபதி எழுந்தார். கிரவுண்டைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனார்.

"சுப்பா, கையக் குடு."

"இப்ப எதுக்குய்யா..."

"குடுடா!"

சுப்பன் ஒரு கையைப் பிடித்தான், இன்னொருவன் இன்னொரு கையைப் பிடித்தான். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, வேட்டி அவிழ, கஜபதி மேலே ஏறினார். ஏறின வேகத்தில் துண்டைச் சுருட்டி பாஷா வாயில் வைத்து அழுத்தினார்.

"இனி எவனாவது ஊதினான்னா, புடிச்சி அந்தாண்ட தண்டவாளத்துல தள்ளுவேன். நான் சொல்றேன். ஊதிப் பாருங்கடா!"

சுவர் அமைதியாகிவிட்டது.

தன் பேர் மேல் உட்கார்ந்தார். திரும்பி, கிரவுண்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

கீழே பந்தை வைத்துவிட்டு மோசஸ் நிமிர்ந்தான்.

"நைனா!" கோச்சம்மா கத்தினார். "திரும்பிட்டியே! பேச்சு முடிஞ்சுது!"

"முடிஞ்சுது போ!" கஜபதி அதைவிடச் சத்தமாகக் கத்தினார். கண்ணை மோசஸிடமிருந்து எடுக்கவில்லை. "அவன் அடிக்கட்டும்!"

ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார்.

கோச்சம்மா அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்தார். போய் அதில் உட்கார்ந்தார். கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி, கால் மேல் கால் போட்டு, சுவரில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.