பத்தாயிரத்து ஏழு விளக்குகள்

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், அரசவை விகடகவி சேந்தன் விடியலில் எழுந்தான். வாசல் தெளித்தான். கஞ்சி வைத்தான். இரண்டு கலயங்களை எடுத்து, ஒன்றைத் திருப்பி வைத்தான். மாடத்து விளக்கில் எண்ணெய் ஊற்றினான். ஏற்றாத விளக்கு, எண்ணெய் வழிந்தது. துடைத்துவிட்டு அவைக்குப் போனான். மனைவி நங்கை இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அன்று அரசருக்கு ஓர் ஆசை. வெற்றித் திருநாளுக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டு விளக்கும் அரண்மனை முற்றத்தில் சம வரிசைகளில் நிற்க வேண்டும். ஒற்றை வரிசை ஆகாது. வரிசைக்கு ஒரே விளக்கும் ஆகாது. முரசறைந்தாயிற்று. வழக்கப்படி வீட்டுப் பெண்கள் விளக்கேந்தி வந்தார்கள்.

அரசவைக் கணிதர் உலோகநாதர் எண்ணினார். பத்தாயிரத்து ஏழு. அவர் முகம் மலர்ந்தது.

"மன்னா, அடுக்கும் வேலையைச் சேந்தனுக்குக் கொடுங்கள். மாலைக்குள் முடியாவிட்டால் அரண்மனை தந்த வீட்டைக் காலி செய்யட்டும். சிரிக்க வைக்காத விகடகவிக்கு வீடு எதற்கு?"

நான்கு மாதமாகச் சிரிக்காத அரசர் தலையசைத்தார்.

சேந்தன் முற்றத்தில் உட்கார்ந்து இரண்டால் வகுத்தான், மூன்றால் வகுத்தான், ஏழால் வகுத்தான். எப்போதும் மிச்சம். நங்கையின் கைரேகை படிந்த சுவரை வேறு யாரோ வெள்ளையடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வகுத்தான்.

"நூறோடு நிறுத்திக்கொள், தம்பி," என்றார் உலோகநாதர். "ஒரு பக்கம் நூறைத் தாண்டினால் மறுபக்கம் நூறுக்குள் வந்தாக வேண்டும். இது எதற்கும் பிடிகொடுக்காத எண்."

"ஊரில் வீடுகள் எத்தனை, ஐயா?"

"பத்தாயிரத்து எட்டு."

சேந்தன் எழுந்து வீட்டுக்குப் போனான். மனைவியோ தாயோ தங்கையோ மகளோ இல்லாத வீடு ஊரில் அது ஒன்றுதான். மாடத்து விளக்கைத் தானே ஏந்தி, சிந்தாமல் நடந்து வந்தான்.

அந்தியில் அரசர் எண்ணிப் பார்த்தார். எழுபத்திரண்டு வரிசை. வரிசைக்கு நூற்று முப்பத்தொன்பது. மிச்சமில்லை.

"ஆண் ஏந்திய விளக்கு கணக்கில் சேராது," என்றார் உலோகநாதர்.

"ஒவ்வொரு வீட்டு விளக்கும் என்பதுதான் அரசாணை," என்றான் சேந்தன். "யார் ஏந்த வேண்டும் என்று அதில் இல்லை. ஆணை நிறைவேறும் முன்பே எண்ணி முடித்தவர் நீங்கள்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "வீடு இனி உனக்கே சொந்தம்," என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "இதில் மட்டும் ஏன் இப்படித் தளும்பத் தளும்ப எண்ணெய்?"

"அதுவும் ஓர் ஆணைதான், மன்னா."

"யாருடையது?"

சேந்தன் திரியைத் தூண்டி ஏற்றினான். பிறகு நங்கை கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"விளக்குல எண்ணெய் இருக்கான்னு பாத்துக்குங்க. நான் செத்த படுத்துக்கிறேன்."