ஒரு தேனீ நுழையும் வாசல்

மழை பெய்தால் மற்ற ஊர்களில் ஜனங்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். குழிக்கோட்டில் மழை எப்போது நிற்கும் என்று பார்ப்பதற்காக எல்லாரும் வெளியே வந்து நின்று நனைவார்கள். அந்த ஊர்க்காரன்தான் சுயம்பு. தங்கமான மனுஷன். மூளையை மட்டும் சேதாரம் ஆகாமல் அப்படியே வைத்திருந்தான்.

சுயம்புவும், அவனுடைய கூட்டாளிகள் கோலப்பனும் லாசரும் சேர்ந்து ஆளுக்கொரு தேன்பெட்டி வாங்கினார்கள். பெரிய பெட்டி இல்லை, முன்பக்கம் தேனீ போய்வர ஒரு சின்ன வாசல் வைத்த குட்டிப் பெட்டி. உள்ளே தேனடை கட்ட நாலே நாலு சட்டம், ஒரு ராணி, ஒரு கைப்பிடித் தேனீ. கூட்டம் பெருத்த பிறகுதான் பெரிய பெட்டிக்கு மாற்றவேண்டும். மூன்று பெட்டிகளையும் சுயம்பு தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகையான தேங்காய்ப்புரையில் ஒரு பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தார்கள்.

சுயம்புவுக்கு அதுகள் மேல் உயிர். காலையில் எழுந்ததும் பெட்டியில் காதை வைத்துக் கேட்பான். “ம்ம்ம்...” என்று சத்தம் வரும். “சரி சரி” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான்.

ஆடி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒருநாள் காதை வைத்தால் பெட்டிக்குள் சத்தமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தான். தேனீக்கள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு சோர்ந்துபோய்க் கிடந்தன. சுயம்பு குடையை மறந்து ஓடினான். தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுக்கும் டெய்சி டீச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். விஷயம் கேட்டு கோலப்பனும் லாசரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

டீச்சர் பார்த்தார். “ஒண்ணும் ஆகல. பசி, அவ்வளவுதான்” என்றார். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. குடையை விரித்தபடியே கடகடவென்று சொன்னார்.

“கூட்டம் சின்னது, தாங்காது. சர்க்கரைப் பாகு குடுங்க. ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணி. சாயங்காலமாக் குடுங்க. பெரிய கூட்டம் மோப்பம் பிடிச்சா கொள்ளையடிக்க வந்திரும். அதனால வாசலைச் சுருக்கிருங்க, ஒரு தேனீ நுழையுற அளவு போதும். எறும்பு ஏறாம கால் நாலும் தண்ணியில நிக்கணும். பாகுல ஒண்ணும் முங்கிச் செத்துராமப் பாத்துக்கிடுங்க. நாளைக்கு வந்து பாக்கேன்!”

பஸ் போய்விட்டது. மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்கள்.

“கொள்ளைக்காரங்க பெரிய கூட்டமா வருவாங்களாம்லே” என்றான் லாசர், ரோட்டைத் திரும்பிப் பார்த்தபடி.

“அதுக்குத்தான் வாசலைச் சுருக்கச் சொல்லிருக்கு” என்றார் கோலப்பன். மூவரில் வயதில் மூத்தவர் அவர்தான். அதனால் குழம்புவதிலும் அவருக்குத்தான் முதல் மரியாதை. “ஒரு தேனீ நுழையுற வாசல்ல எந்தக் கொள்ளைக்காரன் நுழைவான்? படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்.”

உடனே செங்கல்லும் மண்ணும், கூடவே சர்க்கரையும் தண்ணீரும் பாத்திரங்களும் வந்தன. மூன்று பேரும் தேங்காய்ப்புரைக்குள் நின்றுகொண்டு, புரையின் வாசலை உள்பக்கமிருந்தே அடைக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் எழும்பி நிலைப்படியின் உச்சியைத் தொட்டது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. லாசர் தன் விரலை விட்டுப் பார்த்தான்.

“இது விரல் அளவுல்லா இருக்கு. தேனீ இதைவிட ஒல்லி.”

“நல்லாத் தின்னா தடிக்கும். இருக்கட்டும்” என்றான் சுயம்பு. தேனீ விஷயத்தில் அவனுக்குத் தாய் மனசு.

அடுத்தது பாகு. அங்கேதான் தகராறு வந்தது.

“ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணி” என்றார் கோலப்பன். “சர்க்கரைப் பங்கு எனக்கு. தண்ணிப் பங்கு சுயம்புக்கு.”

“எனக்கு?” என்றான் லாசர்.

“டீச்சர் ரெண்டு பங்குதான் சொல்லிச்சு.”

“நானும் பெட்டி வாங்கிருக்கேன்லா அண்ணாச்சி? பங்கு இல்லாதவனை ஏன் உள்ள வச்சு சுவர் கட்டுனீங்க?” லாசருக்குக் கண் கலங்கிவிட்டது.

சுயம்புவுக்கு மனசு கேட்கவில்லை. தன் தண்ணீரில் பாதியை ஒரு செம்பில் ஊற்றி அவனிடம் நீட்டினான். லாசர் தன் பங்கை அங்கேயே மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். பிறகு மீதித் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டி, பெரிய அண்டாவில் மூவரும் ஒற்றுமையாகக் கலக்கினார்கள்.

“இப்ப கால்” என்றார் கோலப்பன். “கால் நாலும் தண்ணியில நிக்கணும்.”

சுயம்பு எண்ணிப் பார்த்தான். “நமக்கு ஆறு கால் இருக்கே அண்ணாச்சி.”

கோலப்பனும் ஒரு தடவை விரல் விட்டு எண்ணினார். ஆறுதான் வந்தது.

“ரெண்டு கால் கூடுதல்” என்று கடைசியில் கோலப்பன் தீர்ப்புச் சொன்னார். “பங்கைக் குடிச்சு முடிச்சவன் யாரு? லாசரு. அவன் காலைத் தரையில வைக்கக் கூடாது.”

“எனக்கு நீச்சல் தெரியும் அண்ணாச்சி. பாகுல ஏதாவது முங்கினா நான்லா தூக்கணும்?”

இதிலும் நியாயம் இருந்தது. ஆகவே சுயம்புவும் கோலப்பனும் ஆளுக்கொரு வாயகன்ற தண்ணீர்ப் பாத்திரமான சருவத்துக்குள் இறங்கி நின்றார்கள். லாசர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மேலே உத்திரத்தில் குப்புறப் படுத்து, நேர் கீழே இருந்த அண்டாவைக் கண்கொட்டாமல் பார்த்தான். கயிற்றின் மறுமுனை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் லாசரின் இடுப்பிலேயேதான் கட்டியிருந்தது.

சுயம்பு கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கில் பாகை மொண்டான். பெட்டியைத் திறந்து, முன்னால் இருந்த தேனீயிடம் நீட்டினான்.

“ஆ காட்டு ராசா.”

அது அவன் மூக்கில் கொட்டியது.

“பாவம் அண்ணாச்சி” என்றான் சுயம்பு, மூக்கு கத்தரிக்காய் போல வீங்கிக்கொண்டிருக்க. “பசியில எது சங்கு எது மூக்குன்னு தெரியல.”

“மடியில போட்டு ஊட்டணும்லே. நிமித்தி வச்சு ஊட்டினா புரை ஏறும்.”

சுயம்பு குனிந்து மடியைத் தயார் செய்தான். அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ அண்டாவின் விளிம்பில் போய் உட்கார்ந்து, வழுக்கி, உள்ளே விழுந்தது.

“முங்குதுலே! முங்குது!” என்று கோலப்பன் அலறினார்.

லாசர் யோசிக்கவே இல்லை. உத்திரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான். தொபுக்கடீர்! பாகு முழுக்க எழும்பி வந்து சுவரிலும், கோலப்பனின் வழுக்கையிலும், சுயம்புவின் வீங்கிய மூக்கிலும் அப்பியது. அண்டாவுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. அதன் நுனிவிரலில் அந்தத் தேனீ உட்கார்ந்து இறக்கையை உதறிக்கொண்டிருந்தது.

“பிழைச்சிட்டு!” என்று சுயம்பு கத்தினான். லாசரும் பிழைத்தான், ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

வாசம் பிடித்து மூன்று பெட்டித் தேனீக்களும் வெளியே வந்தன. தலை, தோள், மீசை என்று மூன்று பேர் மேலும் உட்கார்ந்து, கொட்டாமல் கடிக்காமல், நக்கி நக்கிக் குடித்தன. சருவத்தில் நின்ற சுயம்பு மூச்சுக்கூட விடவில்லை. இத்தனை நாள் பெட்டிக்கு வெளியே இருந்து கேட்ட “ம்ம்ம்” இப்போது அவன் காதுமடலிலேயே கேட்டது. “சரி சரி” என்று மெதுவாகச் சொன்னான். கண்ணில் நீர் வழிந்தது. ஒரு தேனீ அதையும் குடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

எறும்புகளும் வந்தன. ஒன்றுகூடப் பெட்டிப் பக்கம் போகவில்லை. எல்லாம் லாசரிடம்தான் போயின.

காலையில் டெய்சி டீச்சர் வந்தபோது வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. நடுவில் ஓர் ஓட்டை. அதில் ஒரு கண்.

“வாங்க டீச்சர்” என்றது சுவர்.

“யாரு, சுயம்பு அண்ணனா? உள்ள என்ன பண்ணுதீங்க?”

“நீங்க சொன்னபடி வாசலைச் சுருக்கிட்டோம். இனி நாங்க எப்படி வெளிய வாறதுன்னுதான் தெரியல.”

டீச்சர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். “இந்தப் புரைக்குப் பின்வாசல் கிடையாதா?”

“இருக்கே. தொறந்துதான் கிடக்கு. அதை இன்னைக்குச் சுருக்கலாம்னு வச்சிருக்கோம்.”

டீச்சர் சுற்றிப்போய்ப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். பெட்டிகளைத் திறந்தார். தேனீக்கள் வயிறு நிறைந்து சுறுசுறுப்பாகச் சட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று ராணிகளும் முட்டை வைத்திருந்தன. மூன்று மனிதர்களையும் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார். மூன்று தேங்காய்ச் சிரட்டையில் பாகு ஊற்றி, தேனீ உட்கார்ந்து குடிக்க மேலே ஈர்க்குச்சி மிதக்கவிட்டு, பெட்டிக்கு ஒன்றாக உள்ளே வைத்தார். “இனி இது போதும். நீங்க போய்க் குளிங்க அண்ணாச்சி” என்று சொல்லி பஸ்ஸுக்கு விரைந்தார்.

மூன்று பேரும் பின்வாசல் வழியாக வெளியே வந்து, புரையைச் சுற்றிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார்கள். முன்பக்கம் வந்ததும் சுயம்பு அப்படியே நின்றுவிட்டான். எதிரே செங்கல் சுவர். அதில் விரல் அளவு ஓட்டை.

“ஐயையோ” என்றான். “நாம மூணு பேரும் இதுக்குள்ளல்லா மாட்டிக்கிட்டோம்!”

கோலப்பன் ஓட்டையில் வாயை வைத்து, “யாராவது இருக்கீங்களாலே?” என்று கத்தினார். பிறகு காதை வைத்துக் கேட்டார்.

“சத்தமே இல்ல. நேத்து மத்தியானத்துல இருந்து பட்டினி” என்றார். “சின்னக் கூட்டம். தாங்காது.”

சுயம்பு வீட்டுக்குப் பறந்தான். புதிதாகப் பாகு கரைத்துக்கொண்டு ஓடிவந்தான். ஓட்டையில் ஓலையைக் குழலாகச் சுருட்டிச் சொருகி, பொறுமையாக ஊற்ற ஆரம்பித்தான். பாகு களக் களக்கென்று உள்ளே இறங்கியது.

“குடிக்காங்க அண்ணாச்சி, குடிக்காங்க!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற லாசர் அவன் தோளைச் சுரண்டினான்.

“எனக்குக் கொஞ்சம் கூட ஊத்துலே. நான் ராத்திரியும் சாப்பிடல.”