மேஸ்திரியின் ஐந்தாவது கத்தி

நாற்றுப்பண்ணை மேஸ்திரி மாதம்மாளிடம் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெயர் பச்சையப்பன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்றவர். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார்.

அவர் வந்தது ஒரு மாமரத்துக்காக. அவர் ஓட்டிய பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் அது நின்றது. சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று அதன் அடியில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதிவிட்டார்கள். அந்தப் பழத்துக்குப் பெயர் கிடையாது. அந்த ருசியும் வேறு எந்த மரத்திலும் கிடையாது.

"நாலு கன்னு கட்டிக் குடுத்துடுங்க மேஸ்திரியம்மா" என்றார்.

"மரம் யாருக்கு வேணும்?"

"எனக்குத்தான்."

"அப்ப நீங்களே கட்டுங்க டிரைவரண்ணே. ஆடி மழைக்கு இன்னும் மூணு மாசம் இருக்குது. கத்துக்கலாம்."

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய், மரப்பிடி போட்ட புதுப் பேனாக்கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பண்ணைக் கொட்டகையின் நடுக்கம்பத்தில் நாலு பழைய பேனாக்கத்திகள் வரிசையாகக் குத்தியிருந்தன. எல்லாம் மேஸ்திரி தேய்த்துத் தீர்த்தவை. முதல் கத்தியின் அலகு ஈர்க்குச்சி அகலத்துக்கு வந்துவிட்டது. கலெக்டர் கையால் வாங்கிய பாராட்டுப் பத்திரம் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்க, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இருந்தது இந்தக் கத்திகள்தான். இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போடக் கூடாதா என்று யாராவது கேட்டுவிட்டால் மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நாலும் சேர்ந்து நாலு லட்சம் கன்னு" என்பார். "நீங்க என்னத்த தேச்சீங்க?"

ஐந்தாவது கத்தி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். பாதி தேய்ந்து, நடுவில் குழி விழுந்த கத்தி. அதை வேறு யாரும் தொட்டதில்லை.

வேலை பார்க்கச் சின்ன வேலைதான். மாங்கொட்டையில் முளைத்த நாற்றின் தலையை வெட்டி, நடுவில் பிளக்க வேண்டும். வேண்டிய மரத்தின் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி அதில் செருகிக் கட்ட வேண்டும். அந்தச் சீவல் ஒரே இழுப்பில் வர வேண்டும். இரண்டாம் முறை கத்தி பட்டால் மேடு பள்ளமாகி, உள்ளே காற்றுப் போய்க் குச்சி கருகிவிடும்.

பச்சையப்பன் தினமும் இருநூறு கழிவுக் குச்சிகளைச் சீவினார். நூற்றைம்பது கோணலாக வந்தது. பக்கத்தில் மேஸ்திரி பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கத்தியைப் பார்க்காமலே சீவிப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சையப்பனின் கண் அந்தத் தேய்ந்த கத்தியிலேயே இருந்தது. வித்தை அதில்தான் இருக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

"என் கத்தி எப்பங்க உங்க கத்தி மாதிரி ஆகும்?" என்று ஒருநாள் கேட்டார்.

மேஸ்திரி அவருடைய கத்தியை வாங்கிக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கூர் போயிருக்குது. தீட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான் பதில். பச்சையப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தீட்டிக்கொண்டு வந்தார்.

ஆடி பிறந்தது. பச்சையப்பன் மரத்தில் ஏறி, பன்னிரண்டு குச்சிகளைத் தேர்ந்து இலைகளைக் கிள்ளிவிட்டு வந்தார். அப்படிக் கிள்ளிப் பத்து நாள் விட்டால்தான் நுனி மொட்டுத் தடித்து ஒட்டுக்குத் தயாராகும். ஒன்பதாம் நாள் காலையில் நிறுத்தத்து டீக்கடைக்காரர் போன் செய்தார். மரம் அறுக்க ஆள் வந்துவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது மரம் சாய்ந்து கிடந்தது. பன்னிரண்டு குச்சிகளையும் தேடி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, மொபெட்டில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

"கிள்ளி வெச்சது பன்னெண்டுதான். இதுக்கு மேல உலகத்துலயே கிடையாது" என்று சாக்கைப் பிரித்தார். "நீங்க கட்டிடுங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"உங்க குச்சி. நீங்கதான் கட்டணும்."

"கை நடுங்குதே. சரி, உங்க கத்தியையாவது குடுங்க. அது கையில இருந்தா கட்டிடுவேன்."

கொட்டகையில் வேலை செய்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, விரித்து நீட்டினார்.

பச்சையப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் குச்சியைச் சீவினார். கத்தி சரேலென்று உள்ளே பாய்ந்து குச்சியை அரைவாசி தின்றது. ஐந்து வருடமாக மேஸ்திரியின் கைச்சாய்வுக்கே தீட்டித் தீட்டி ஒரு பக்கமாக ஒதுங்கிய அலகு அது. அவர் கையில் நேராகப் போகும். இவர் கையில் வளைந்தது. திருத்திச் சீவினார். மறுபடி பாய்ந்தது. சீவிச் சீவிக் குச்சி சுண்டுவிரல் நீளத்துக்கு வந்து ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாலாவது அடியோடு பிளந்துவிட்டது.

ஒரு பெண் தாங்க முடியாமல் மேஸ்திரியைப் பார்த்தாள்.

பச்சையப்பன் கத்தியை மடக்கி அவரிடமே கொடுத்துவிட்டார். தன்னுடைய கத்தியை எடுத்தார். கல்லில் தண்ணீர் தெளித்து, அவசரமே இல்லாதவர் போல இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று தீட்டினார். கை நடுக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

ஐந்தாவது குச்சியில் கத்தி ஒரே இழுப்பாகப் போனது. திருப்பிப் பிடித்தார். இன்னொரு இழுப்பு. செருகி, உள்ளே தெரியும் பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, ஈரம் காயாமலிருக்க மேலே குச்சி ஐஸ் கவரை மாட்டினார். எட்டும் முடிய மத்தியானம் ஆயிற்று. எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

இருபத்திரண்டாம் நாள் ஐந்து கன்றுகளில் செம்புநிறத் துளிர் எட்டிப் பார்த்தது. மூன்று கருகியிருந்தன.

அந்த வாரம் கன்று வாங்க வந்த பெரிய தோப்புக்காரர் ஒருவர் அந்த ஐந்தின் முன் நின்றுவிட்டார். ஒரு ஒட்டைக் குனிந்து பார்த்தார்.

"கோடே தெரியல. மேஸ்திரி கைன்னா மேஸ்திரி கைதான்" என்றார்.

"நான் தொடலைங்க" என்றார் மேஸ்திரி. "அதோ நிக்கறாரே, அவர் கட்டினது."

"ரகம் என்ன?"

"அதையும் அவரைத்தான் கேக்கணும்."

பச்சையப்பன் நிமிர்ந்து நின்றார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு மேளம் அடித்துக் கூட்டிப் போனபோதுகூட அவர் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை. சட்டைப்பையில் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வந்தவர் போகும்வரை அந்தப் பழத்தைப் பற்றிப் பேசினார். பஸ் ஓட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தோப்புக்காரர் போனபின் மேஸ்திரியிடம் வந்தார். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா மேஸ்திரியம்மா? உங்க கத்தி என் கைக்கு வராதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா? நாலு குச்சி போச்சே. இன்னும் ரெண்டு மூணு கன்னு நின்னிருக்குமே."

மேஸ்திரி தீட்டுவதை நிறுத்தவில்லை.

"குடுக்காம இருந்திருந்தா, இந்த அஞ்சையும் பார்க்கும்போதெல்லாம் 'அந்தம்மா கத்தி மட்டும் கிடைச்சிருந்தா பன்னெண்டும் துளிர்த்திருக்கும்'னு சொல்லிட்டு இருந்திருப்பீங்க."