பஞ்சைக் கொடுத்து நட்சத்திரம் வாங்கிய அணில்

குளத்தங்கரை மருதமரத்துப் பொந்தில் தெபோராள் என்றொரு அணில் குடியிருந்தாள். அவளுக்குப் புருஷன் ஒருவன், பிள்ளைகள் மூன்று, கவலைகள் ஏராளம்.

புருஷன் பெயர் சிம்சோன், வேதத்துப் பலசாலியின் பெயர். பலமெல்லாம் பெயரோடு சரி. முதுகில் ஒரு சருகு விழுந்தால் மூன்று கிளை தாண்டிப் போய் நின்றுதான் திரும்பிப் பார்ப்பான். மூத்த பிள்ளைகள் இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. கடைக்குட்டி பென்னிதான் நோஞ்சான். கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வந்து, மூச்சு கீச்சு கீச்சென்று இழுக்கும். போன மழைக்குப் பிழைத்ததே பெரிய காரியம். அதனால் வானத்தில் ஒரு கருப்பு மேகம் தெரிந்தாலே தெபோராள் அவனைக் கவ்விக்கொண்டு பொந்துக்குள் ஓடுவாள்.

அவனுக்காகவே அவள் பங்குனியில் இலவங்காய் வெடித்தபோது பறந்து பறந்து பஞ்சு சேர்த்தாள். பொந்து முழுக்க மெத்து மெத்தென்று விரித்தாள். வாசலில் ஒரு தேக்கிலையைச் செருகி, சாரல் அடிக்காமல் கதவாக்கினாள்.

அந்தக் காட்டில் எல்லாருக்கும் பக்தி உண்டு. நோவாவின் பேழையில் சோடி சோடியாக ஏறி வந்தவர்களின் வம்சமல்லவா! ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் கூடுவார்கள். ஆமை உபதேசியார் ஜெபம் பண்ணுவார். “பரம...” என்று தொடங்கி “...பிதாவே” என்று அவர் வந்து சேர்வதற்குள் குஞ்சுகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். கிறிஸ்துமஸ் மாதத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் மரம் மரமாகப் போய்ப் பாடும். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு ராகம். பாடி, வீட்டுக்காரர்களுக்காக ஜெபித்து, கொடுத்ததைத் தின்றுவிட்டு, அடுத்த மரத்துக்குப் போகும்.

அப்படி ஒரு கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் நரி கிளாட்ஸ்டன் மூட்டையும் முதுகுமாக வந்து சேர்ந்தான்.

வந்தவன் முதலில் சாட்சி சொன்னான். தான் ஒரு காலத்தில் கோழி திருடியவன் என்றும், இப்போது கோழியைக் கண்டால் கண்ணில் நீர்தான் வருகிறது என்றும் தொண்டை கரகரக்கச் சொன்னான். வாயிலும் நீர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பேச்சுக்கு நடுவே அவன் நிறுத்துவான். கண்ணை மூடுவான். “ஆமென் சொல்லுங்க பாப்போம்” என்பான். காடே சொல்லும்.

பிறகு மூட்டையை அவிழ்த்தான். பளபளக்கிற காகிதத்தில் செய்த நட்சத்திரங்கள்! மலையைப் பார்க்க வந்த மனிதர்கள் தின்றுவிட்டுப் போட்ட பொட்டலக் காகிதம்தான். ஆனால் வெயில் பட்டால் கண் கூசியது.

மருதமரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான் நரி.

“சிஸ்டர், உங்க வாசல்ல நட்சத்திரம் இல்லையே?”

தெபோராள் தாழ்ந்த கிளைக்கு வந்து, தங்கள் வீட்டில் அதெல்லாம் கட்டிப் பழக்கமில்லை என்றாள்.

“வேப்பமரத்து ராகேல் சிஸ்டரும் இப்படித்தான் சொன்னாங்க.” நரி கண்ணை மூடிக்கொண்டான். “அப்புறம் அந்த வீட்ல நடந்ததை என் வாயால சொல்ல மாட்டேன்.”

“என்ன நடந்துது?”

“வேண்டாம் சிஸ்டர். நீங்க பிள்ளைக்காரி.”

அவ்வளவுதான். தெபோராளின் வால் நுனி நடுங்கத் தொடங்கியது. நட்சத்திரம் என்ன விலை என்று கேட்டாள். நரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

“விலைன்னு சொல்லாதீங்க. இது விதைக் காணிக்கை; குடுத்தா பல மடங்கா திரும்பி வரும். உங்க வீட்ல பஞ்சு இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒரு பொதி போதும்.”

ஒரு பொதி பஞ்சு கீழே இறங்கியது. ஒரு நட்சத்திரம் மேலே ஏறியது. அதை மறைத்து வைக்கக் கூடாது, ஊருக்கே தெரிய வேண்டும் என்று நரி சொன்னதால், சிம்சோன் வாசலிலிருந்த தேக்கிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கே நட்சத்திரத்தைக் கட்டினான்.

அன்று மாலை தெபோராளுக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் இல்லை. நட்சத்திரம் கட்டிய வீட்டில் வசனப் பலகையும் இருக்க வேண்டுமாம். ‘இங்கே இடம் உண்டு’ என்று எழுதிய மரப்பட்டை ஒன்றைக் கொடுத்து, நரி இன்னொரு பொதி வாங்கிப் போனான். அடுத்தாற்போல் பேழையின் பலகையிலிருந்தே உடைத்தெடுத்த துண்டு வந்தது. அவர்களுடைய முப்பாட்டன் உட்கார்ந்து வந்த இடமாம் அது; வால் பட்டுத் தேய்ந்த தடத்தைக்கூட நரி காட்டினான். நத்தை ஓட்டில் அடைத்த ஜெப எண்ணெய் வந்தது. அதை வைப்பதற்கு ஒரு தட்டு வந்தது. தட்டை வைப்பதற்கு ஒரு முக்காலி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதி.

“ஏட்டி, பிள்ளைகளை எங்க படுக்கப் போடுறது?” என்றான் சிம்சோன், பலகைக்கும் முக்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு.

கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தால் ஒன்றும் ஆகாது என்றாள் தெபோராள். ஆனாலும் அடியில் பஞ்சு மெலிந்து, கட்டை தட்டுப்படுவது அவள் காலுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியத் தெரிய பயம் கூடியது. பயம் கூடக் கூட வாங்கினாள்.

கடைசியாக நரி பென்னியையே பார்த்துவிட்டான்.

“இந்தச் சின்னத் தம்பிக்கு மூச்சு இழுக்குதே, சிஸ்டர். சர்வாயுதவர்க்கம் போட்டு விடலியா?”

வேதத்தில் சொன்ன போர்க்கோலமாம் அது: இலுப்பைக்கொட்டை ஓட்டில் தலைச்சீரா என்கிற தலைக்கவசம், புளிய ஓட்டில் மார்க்கவசம், சருகில் ஒரு கேடயம். பிள்ளைகளுக்கென்றே செய்ததாம். மீதியிருந்த பஞ்சைச் சுரண்டிச் சுருட்டிக் கொடுத்தாள் தெபோராள். போகும்போது நரி திரும்பி நின்றான். குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. உள்ள வந்த பொருளை வெளிய எறிஞ்சிராதீங்க. எறிஞ்ச வீட்டுக்கு எறிஞ்சதைவிடப் பெருசா ஒண்ணு வரும்.”

என்ன வரும் என்று அவன் சொல்லவில்லை. அதுதான் அவன் தொழில்.

மறுநாள் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. குளம் கருப்பாயிற்று. காற்று மருதமரத்தைப் பிடித்து உலுக்கியது. முதல் வீச்சிலேயே நட்சத்திரம் பிய்த்துக்கொண்டு எங்கோ போயிற்று. இலைக் கதவு இல்லாத வாசல் வழியாகச் சாரல் நேராக உள்ளே அடித்தது.

பஞ்சு இருந்த இடத்தில் வெறும் கட்டை. கட்டையில் ஈரம். ஈரத்தில் பென்னி.

கீச்சு என்றது மூச்சு. தெபோராள் எண்ணெயைத் தடவினாள். அது எண்ணெய் வாசமே இல்லாத குளத்துத் தண்ணீர். பேழைத் துண்டை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். அதன் பாரத்தில் பிள்ளை இன்னும் திணறினான். மூத்தவை இரண்டும் முக்காலிக்கு அடியில் முடங்கி, வாலைக் கடித்துக்கொண்டு பார்த்தன.

“ஏட்டி, இதையெல்லாம் தூக்கி எறி. பிள்ளை உள்ள போகட்டும்” என்றான் சிம்சோன். சொல்லிக்கொண்டே பென்னியின் தலையில் மாட்டியிருந்த தலைச்சீராவைப் பல்லால் கழற்றினான்.

“எறிஞ்சா பெருசா ஏதோ வரும்னு சொன்னாரே.”

“வரட்டும்!”

வரட்டும் என்று சொன்ன சிம்சோனும் எறியவில்லை. அவனுக்கும் பயம்தான். இரண்டு பேரும் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பென்னியின் மூச்சு வந்தது. நின்றது. வந்தது.

அப்போது வாசலில் கசமுசவென்று சத்தம். முழுக்க நனைந்த தவிட்டுக்குருவிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு கிளையில் வந்து விழுந்தன. பாட்டுக் கூட்டம்! தலைவி லீதியாள் இறகெல்லாம் ஒட்டிப்போய்க் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள்.

“தெபோரா, பாட வந்தோம். பாட்டு கெடக்கட்டும், உள்ள கொஞ்சம் இடம் இருக்கா?”

தெபோராள் உள்ளே திரும்பினாள். பலகையில் ‘இங்கே இடம் உண்டு’ என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையே பாதிப் பொந்தை அடைத்துக்கொண்டிருந்தது.

“இந்த மழையில ஏன் அலையுறீங்க?” என்றாள்.

“ராகேல் வீட்ல பாடிட்டுக் கெளம்பினோம். அங்க அத்திப்பழம் குடுத்தா, தின்னு தின்னு நேரமாயிட்டு” என்றாள் ஒருத்தி.

“ராகேலுக்கு... ஒண்ணும் ஆகலியா?”

“என்ன ஆகணும்? ரெட்டைப் பிள்ளை பெத்துக் குண்டாயிட்டா. நாங்க வர்ற வழியில கிளாட்ஸ்டன் குகையிலயும் எட்டிப் பாத்தோம். மெத்தை மேல மெத்தை போட்டு மல்லாக்கப் படுத்திருக்கான். பாடக்கூட விடல, தூக்கம் கெடுதாம்.”

லீதியாளுக்கு அப்போதுதான் உள்ளே கேட்ட மூச்சுச் சத்தம் காதில் விழுந்தது. அவள் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தெபோராள் உள்ளே பாய்ந்தாள். பலகையைப் பிடித்தாள். தள்ளினாள். அது கிளை கிளையாக மோதிக் கீழே போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெரிதாக ஏதோ வருவதற்காகக் காத்திருந்தாள். இடி ஒன்று இடித்தது. அவள் அலறிவிட்டாள். பிறகு எதுவும் வரவில்லை.

அதன்பின் அவள் நிற்கவில்லை. முக்காலி போயிற்று, தட்டு போயிற்று, பேழைத் துண்டும் போயிற்று. சிம்சோன் மழையில் தாவிப் போய் ஒரு தேக்கிலையைப் பிடுங்கி வந்தான். வழியில் எத்தனையோ சருகுகள் முதுகில் விழுந்தும் அவன் ஓடவில்லை. குருவிகள் திமுதிமுவென்று உள்ளே புகுந்து, உடம்பை உதறி, சிறகைச் சிலிர்த்து, தங்கள் வழக்கப்படி தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன. நடுவில் பென்னி. லீதியாள் அவனைத் தன் இறக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

குளிரில் யாருக்கும் பாட்டு சரியாக வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மரத்தடியில் வேர் இடுக்கில் ஒதுங்கியிருந்த ஆமை உபதேசியார், மேலே பிள்ளைக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஜெபத்தைத் தொடங்கினார். தெபோராள் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தபடி இருந்தாள். கீச்சு. கீச்சு. வெகுநேரம் கழித்து அந்தக் கீச்சு தேய்ந்தது. அது தேய்ந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூக்கருகே மீசையை நீட்டினாள். வெதுவெதுப்பாக, ஒரே சீராக, காற்று வந்தது.

பொழுது விடிந்தபோது உபதேசியார் ஆமென் சொன்னார். நரியும் வந்து சேர்ந்தான். கீழே கிடந்த சாமான்களைச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினான். எறிய வேண்டாம் என்று தான் சொன்னதை நினைவுபடுத்தினான். பரவாயில்லை, இதற்கும் பரிகாரம் உண்டு, வருஷம் முழுக்கக் காக்கும் வசனம் எழுதிய புது வருஷ வாக்குத்தத்த இலை வந்திருக்கிறது என்று மூட்டையில் கையை விட்டான்.

தெபோராளுக்குப் பழைய பயம் வரத்தான் செய்தது. பென்னி இன்னும் தேறவில்லையே. ஆனாலும் தாழ்ந்த கிளைவரை இறங்கி வந்தாள்.

“பிரதர், இலை வேண்டாம். பிள்ளை வெறும் கட்டையில கெடக்கான். நான் குடுத்த பஞ்சில ஒரு பிடி மட்டும் திருப்பித் தாங்க.”

நரியின் கை மூட்டைக்குள்ளேயே நின்றது.

“காணிக்கையைத் திருப்பிக் கேக்கலாமா சிஸ்டர்?”

தெபோராள் அவனையே பார்த்தாள். அவன் முதுகு மயிரில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பயம் அப்போதுதான் விட்டது. அவள் ஏறிப் போய், இலைக் கதவைச் சாத்தினாள்.

பிள்ளைமேல் உள்ள பயத்தைக் கிளறிவிட்டுக் கடவுளின் பெயரால் ஒருவன் சாமான் விற்க வந்தால், அவனிடம் வாங்கி வீட்டை அடைக்காதே. கடவுள் தரும் காவல் எந்தக் கடையிலும் விற்பதில்லை.