புதன்கிழமைச் சுமைதாங்கி

மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில் அஞ்சலை என்றொரு கழுதை இருந்தாள். காட்டுக்குள் கழுதை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவளுடைய எசமானர் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டார். அவள் காட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அந்த வருஷம் ஓடை வற்றிப்போனது. மலைமேல் ஒரே ஓர் ஊற்றுதான் மிச்சம். நடக்க முடியாத கிழடுகளுக்கும் குட்டிகளுக்கும் யார் தண்ணீர் கொண்டுவருவது?

"எனக்குச் சுமை பழக்கம்தான்" என்றாள் அஞ்சலை.

குரங்குகள் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கொடியால் கட்டி அவள் முதுகின் இரு பக்கமும் தொங்கவிட்டன. திங்கள் முதல் சனி வரை அவள் முறை, ஞாயிறு குரங்குகளின் முறை. கரடியும் தோளில் ஒரு குடுக்கையோடு பின்னால் வரும். நரி எதையும் தூக்கவில்லை. அதற்கு மேற்பார்வை வேலை.

பாதி வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லை வைத்து, எந்தக் காலத்து மனிதரோ செய்துவைத்தது. ஒட்டி நின்று முதுகைச் சரித்தால் போதும், பாரம் கல்லின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கரடி தினமும் அங்கே குடுக்கையை இறக்கி வைத்துவிட்டு, "அம்மாடி, முடியலை" என்று வாய்விட்டுச் சொல்லும். அஞ்சலை அந்தக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஒரு புதன்கிழமை. மலையடிவாரத்து ஊரில் புதன்தோறும் சந்தை கூடும், அந்த இரைச்சலை வைத்துத்தான் காட்டுக்குக் கிழமை தெரியும். அன்று எழுந்தபோதே அஞ்சலைக்கு மனசு சரியில்லை. காய்ச்சல் இல்லை, காயமும் இல்லை. ஈரத்துணி மூட்டை ஒன்று நெஞ்சுக்குள் கிடப்பதுபோல இருந்தது.

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்றது நரி. "இன்னைக்கு ரெண்டு நடையாப் போயிட்டு வா."

"சரி" என்றாள் அஞ்சலை. 'மனசை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்துக்கொண்டாள். போன வாரமும் அப்படித்தான் நினைத்தாள். ஞாயிறு வந்ததும் கட்டைபோலத் தூங்கிவிட்டாள்.

இரண்டாவது நடையில் சுமைதாங்கியருகே கரடி கூப்பிட்டது.

"இறக்கி வை, தாயி. மூஞ்சியே சரியில்லையே."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். பாதி வழியில இறக்கினா மீதி வழி நடக்க மனசு வராது."

சொல்லிவிட்டு நடந்தாள். கீழே மான்குட்டி காத்துக்கொண்டிருந்தது. காலையில் வந்த தண்ணீர் கிழடுகளோடு தீர்ந்துவிட்டது. அஞ்சலையைக் கண்டதும் குட்டி துள்ளிவந்து, வழக்கம்போல அவள் கால்களுக்கிடையே புகுந்தது. தினமும் அவளுக்குப் பிடித்த விளையாட்டு அது. அன்று என்ன வந்ததோ, பின்னங்காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள்.

நல்ல காலம், உதை குட்டிமேல் படவில்லை. ஆனால் கொடி அறுந்து, குடுக்கை இரண்டும் பாறையில் மோதி உடைந்தன. தண்ணீரை மண் குடித்துவிட்டது. குட்டி நடுங்கிக்கொண்டே அந்த ஈர மண்ணை நக்கியது. அஞ்சலைக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தா எல்லாம் சரியாயிடும்" என்றது நரி.

அப்போதுதான் கரடி வந்துசேர்ந்தது. தாமதம்தான், ஆனால் குடுக்கை நிறைந்திருந்தது. குட்டிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நரியிடம் சொன்னது: "புதன்கிழமை பசிக்கு ஞாயிற்றுக்கிழமையா சோறு போடுவாங்க?"

அன்றிலிருந்து அஞ்சலை வந்தால் மான்குட்டி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. அவளுக்கு அதுதான் எல்லாச் சுமையையும்விடக் கனத்தது.

அடுத்த புதன்கிழமை சந்தை இரைச்சல் கேட்டது. புதுக் குடுக்கைகளோடு வந்த அஞ்சலை சுமைதாங்கியருகே நின்றாள். முதுகைச் சரித்தாள். பாரம் கல்லுக்குப் போனது.

"எனக்கு முடியலை" என்றாள் கரடியிடம். "ஏன்னு தெரியலை. அழணும்போல இருக்கு."

"அழு" என்றது கரடி. தன் குடுக்கையையும் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவள் அழுதாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

நரி ஓடிவந்தது. "நேரத்தை வீணாக்காதே. பொன் கிடைத்தாலும்..."

"தெரியும்" என்றாள் அஞ்சலை. "இன்னைக்குத்தான் எனக்குப் புதன் கிடைச்சிருக்கு. நீ போ, வரேன்."

வெயில் தாழ்ந்த பிறகுதான் கீழே போய்ச் சேர்ந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மான்குட்டி தாயின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அஞ்சலை அசையாமல் நின்றாள். குட்டி ஓரடி வைத்தது, இன்னோரடி வைத்தது, பிறகு தலை குனிந்து அவள் கால்களுக்கிடையே மெல்லப் புகுந்தது.

நீதி: புதன்கிழமை கனக்கும் மனதை ஞாயிற்றுக்கிழமை வரை சுமக்காதே, பாதி வழியிலேயே இறக்கி வை.