வேட்டியில் காய்ந்த ஃபிரைட் ரைஸ்

அம்பலவாணனின் கல்யாணம் ஃபிரைட் ரைஸில் சிக்கிக்கொண்டது. அதுவும் வெறும் காய்கறி ஃபிரைட் ரைஸ்.

அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் அம்பலவாணன், நாற்பதைத் தொட்டவன். நடுவிலான் சிதம்பரநாதன். கடைக்குட்டி கோமதிநாயகம். மூன்று பேர் அறிவையும் கூட்டிச் சேர்த்தாலும் ஒருத்தனுக்குக் காணாது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஆபத்தே அங்கேதான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணே வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சோறு வடிக்கக்கூட வராது. சைனீஸ் சாப்பாடுன்னா உசுரு. நான் கட்டிக்கிடுத வீட்டு ஆள் யாராவது, வீட்டு அடுப்புல, ஃபிரைட் ரைஸ் செஞ்சு போடணும். ஞாயித்துக்கிழமை வாரேன். நல்லா இருந்தா சம்மதம்."

இதற்கு முன் பார்த்த பெண்களெல்லாம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்கள். இவள் 'நல்லா இருந்தா' என்றாள். அம்பலவாணன் அப்போதே தலையாட்டிவிட்டான்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்ட் ஓரத்து ஃபாஸ்ட் புட் கடையில் மாஸ்டரைப் பிடித்தார்கள். அவர் கடாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பெரிய வித்தை. சோறு ஒண்ணோட ஒண்ணு ஒட்டப்படாது. காய் தீக்குச்சி மாதிரி இருக்கணும். கடாய் நிக்காம ஆடணும். காயைக் கடிச்சா நறுக்குன்னு சத்தம் கேக்கணும். கடைசியில சோயா சாஸ், மிளகுத்தூள். வழியை விடுங்க."

ஞாயிறு காலை வேலை தொடங்கிற்று. கோமதிநாயகம் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தான். கேரட்டை நறுக்கி, ஒவ்வொரு துண்டாகப் பெட்டிக்குள் வைத்து மூடிப் பார்த்தான். மூடினால் கடாய்க்கு. மூடாவிட்டால் பக்கத்து வீட்டுக் கோழிக்கு.

"குச்சி நுனியில மருந்து இருக்கே. அதுக்கு என்ன செய்ய?"

சிதம்பரநாதன் யோசித்தான். "மருந்து வேணும்னா மாஸ்டர் சொல்லியிருப்பாரு."

"உரசியும் பாத்தேன். பத்தலை."

"பச்சைக் காய்லா. ஈரம் இருக்கும்."

தம்பிமாரின் பொறுப்பைப் பார்த்து அம்பலவாணனுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது சோறு. ஒட்டக்கூடாது, சரி. எவ்வளவு தள்ளி இருந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம்?

"ஒரு விரக்கடை," என்றான் கோமதிநாயகம்.

"பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி மாதிரி இருந்தாப் போதும்," என்றான் சிதம்பரநாதன்.

வீட்டிலிருந்த வேட்டியெல்லாம் கூடத்துக்கு வந்தது. விரித்து, பருக்கை பருக்கையாகப் பரப்பினார்கள். இடம் காணவில்லை. பெண் வரும்போது கட்டுவதற்கென்று எடுத்து வைத்த பட்டுக்கரை வேட்டியும் போயிற்று. அம்பலவாணன் இடுப்பில் துண்டோடு நின்றான். காற்றில் பருக்கைகள் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று ஃபேனையும் நிறுத்தினார்கள்.

பிறகு கடாய். தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆட்டினார்கள். அடுப்பு ஆடவில்லை. அதை ஆட்டும்படி யாரும் சொல்லவில்லையே. கடாய் அடுப்புக்கு மேலே வந்தபோது சுட்டது, தள்ளிப் போனபோது ஆறியது. அரை மணி நேரம் ஆட்டியும் காய் வேகவில்லை. வேகாத காய் நறுக்கென்றுதான் இருக்கும். மாஸ்டர் சொன்ன சத்தப் பரீட்சையில் இவர்கள் தேறியது அப்படித்தான்.

சத்தம் யாருக்குக் கேட்கவேண்டும்? கடிக்கிறவனுக்கா, மற்றவனுக்கா?

"கடிக்கவன் பொய் சொல்லுவான்," என்றான் அம்பலவாணன். "நான் வாசல்ல நிக்கேன். எனக்குக் கேக்கணும்."

துண்டோடு வாசலில் போய் நின்றான். உள்ளே நறுக்கென்றது.

"கேட்டுச்சு. அடுத்தது."

"அண்ணே, கடிச்சதைத் திரும்பக் கடாய்ல போடவா?"

"பொண்ணுக்கு எச்சிலைக் குடுப்பியாலே? தின்னுத் தொலை."

"ஒரு துண்டு நல்லா இருந்தா மத்ததும் நல்லா இருக்கும்னு விட்டுருவமா?" என்று கேட்டான் கோமதிநாயகம். அன்றைக்கு அந்த வீட்டில் எழுந்த ஒரே நல்ல கேள்வி.

"உன்னைப் பாத்துட்டு என்னையும் அப்படித்தான்னு சொன்னா நான் ஒத்துக்கிடுவனா?" என்றான் சிதம்பரநாதன்.

கேள்வி செத்தது. கேரட் முடிந்தது. பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் எல்லாம் முடிந்தது. தாடை வலித்தபோது ஆள் மாற்றிக்கொண்டார்கள். கடைசித் துண்டும் நறுக்கென்றது. ஒன்றுகூடப் பழுதில்லை. அம்பலவாணன் கண் கலங்க உள்ளே போய்க் கடாயைப் பார்த்தான். எண்ணெய் மட்டும் இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பெண்ணும் அவள் அப்பா ஆறுமுக நயினாரும் இறங்கினார்கள். பெண்டாட்டி போனபின் மகளுக்கு இத்தனை காலமும் சமைத்துப் போட்டவர் அவர்.

"சோறு எங்க?"

"கூடத்துல. மிதிச்சிராதீங்க மாமா."

"காய்?"

"பரீட்சை வச்சோம். எல்லாம் பாஸ்."

"சரி, எங்க?"

மூன்று பேரும் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள்.

பெண் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். அம்பலவாணன் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டான். "சாஸ் பாட்டில் மட்டும் அப்படியே இருக்கு," என்றான்.

நயினாருக்குப் பசி. வேட்டிகளை மூலை பிடித்துத் தூக்கிச் சோற்றைச் சட்டியில் கொட்டினார். நறுக்காமல் கிடந்த பாதிக் கோஸ், வெங்காயம், பூண்டு எல்லாம் எடுத்தார். கடாயை அடுப்பின்மேல் வைத்தார். மூவரும் வாய் பிளந்து பார்த்தார்கள். அங்கே வைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தெரு மணத்தது.

பெண் செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். தட்டைக் காலி செய்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா நான் கட்டிக்கிடுத வீட்டு ஆள்லா சமைக்கணும்னு சொன்னேன்? இவரு எங்க வீட்டு ஆளு."

அம்பலவாணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமாவைத் தத்து எடுத்துருவோம்," என்றான் சிதம்பரநாதன். "நம்ம வீட்டு ஆள் ஆயிருவாரு."

"அப்பாவாவா, மகனாவா?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"வயசைப் பாருலே. அப்பாவாத்தான்."

"அப்பப் பொண்ணு நமக்குத் தங்கச்சி ஆயிருமே."

சிதம்பரநாதன் விரல் விட்டு முறை எண்ணிப் பார்த்தான்.

"சரி, மகனா எடுப்போம்."

"அப்பப் பேத்தி."

நயினார் தாடையைச் சொறிந்தார். "மகனா வாரதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றார்.

பெண் கை கழுவிவிட்டு வந்தாள். "இதுக்குப் போயி எதுக்கு இவ்வளவு யோசனை? முதல்ல கல்யாணத்தை முடிச்சிருவோம். அப்பா எங்கூட இங்க வந்துருவாரு, இந்த வீட்டு ஆள் ஆயிருவாரு. அப்ப இன்னைக்குச் சமைச்சது இந்த வீட்டு ஆளுதானே? அதுக்குப் பொறவு நான் சம்மதம் சொல்லிக்கிடுதேன்."

முதலில் கல்யாணம், பிறகு சம்மதம். மூவரும் முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. நயினாரும் தலையாட்டினார்.

இவ்வளவு கெட்டிக்காரியின் பெயரை யாருமே கேட்கவில்லை என்பது அம்பலவாணனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு கேட்டான்.

"சிவகாமசுந்தரி," என்றாள். அம்பலத்தில் ஆடுகிற சாமிக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மன் பெயர்.